இடது பக்கம் வந்து நிற்கவும்

2025 ஆகஸ்ட் 5, செவ்வாய்

இந்த நோட்டில் எழுத நினைப்பவை:

1. நரம்பியல் மறுவாழ்வு வார்டில் ஒரு நாள் எப்படிப் போகும்.
2. நோயாளிக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது.
3. கூட இருப்பவர்கள் செய்யக் கூடாதவை. (இதுதான் நீளும் போலிருக்கிறது.)
4. ஞாயிற்றுக்கிழமை தன் அண்ணன் வந்ததை அய்யம்மாள் கவனிக்கவே இல்லை என்பது. (ஆதாரம் சேர்க்க வேண்டும்.)
5. எப்போது வீட்டுக்குப் போகலாம். (கேட்டேன். சிரித்தார்கள்.)

முப்பத்தொரு வருடம் விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். எண் போட்டால்தான் எனக்குக் கை ஓடும். எழுதிய பிறகும் சரியா என்று சந்தேகம் வரும். அது வேறு.

அய்யம்மாளுக்கு ஜூலை 14 காலை பக்கவாதம் வந்தது. மூளையின் வலது பாதியில் ரத்தக்குழாய் அடைப்பு. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது, ஆனால் இருக்கிறது. பதினெட்டு நாள் இந்தத் தேனி ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் வைத்திருந்துவிட்டு வெள்ளிக்கிழமை இந்த மூன்றாம் தளத்துக்கு மாற்றினார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, இனிமேல்தான் வேலை இருக்கிறது என்றார் டாக்டர். யாருக்கு வேலை என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. அவளுடைய அண்ணன் பொன்னுராஜ் மச்சான் வருசநாட்டிலிருந்து வந்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு. கட்டிலின் இடது பக்கம் ஸ்டூலை ஒட்டி நின்று, "அய்யம்மா, எப்புடி இருக்க?" என்றார். அவள் வலது பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழு நிமிடம் நின்றார். திராட்சைப் பையை ஸ்டூலில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த ஏழு நிமிடமும் நான் அங்கேதான் இருந்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

முதல் குறிப்பு. காலை ஆறுக்கு உடம்பு துடைப்பு. ஏழரைக்குச் சாப்பாடு. ஒன்பதரைக்குப் பிசியோதெரபி. பதினொன்றுக்கு ஆக்குபேஷனல் தெரபி, அதாவது சாப்பிட, தலை சீவ, ரவிக்கை மாட்டத் திரும்பக் கற்றுக்கொள்வது. மதியம் தூக்கம். அடிபட்ட மூளைக்குக் கொஞ்சம் வேலையே பெரிய அலுப்பு, எழுப்பாதீர்கள் என்கிறார்கள். மூன்றரைக்கு மறுபடி பிசியோ. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், படுக்கைப் புண் வராமலிருக்க. வியாழக்கிழமைதோறும் டாக்டரும் தெரபிஸ்டுகளும் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசுவார்கள். கேள்வி கேட்கலாமாம். ஒன்பது கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று காலை ஒரு விஷயம். தட்டில் வலது பாதியில் குழைத்த இட்லி, இடது பாதியில் கீரைக் கடைசல். இட்லியைத் தின்று முடித்துவிட்டு, "தொட்டுக்க ஒண்ணுமே வைக்கலையா?" என்றாள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சசிதரன், குமுளிக்காரர், பக்கத்தில் நின்றார். தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான் அம்மா வந்தது" என்றார் அவர்.

பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "கண்ணுக்குக் குறை ஒண்ணும் இல்ல சார். இடது பக்கம்னு ஒண்ணு இருக்குன்னு மூளை கணக்குலயே எடுக்கல. இல்லாததை யாராவது தேடுவாங்களா?"

ஐந்து நாளாகப் பாதித் தட்டை விட்டுவிடுகிறாளே, என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்திருந்தேன். பதிலுக்கு நானும் அதிகம் பேசாமல் இருந்தேன்.

நான்காவது குறிப்புக்கு முதல் ஆதாரம் கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கூட்டம். ஒரு கேள்வி கேட்டேன். அதுவும் லிஃப்ட் எத்தனை மணிவரை ஓடும் என்பது.

ஆகஸ்ட் 9, சனி

மகள் தேவயானி திருப்பூரிலிருந்து பேசினாள்.

"மாமா ஊரு பூரா சொல்றாகளாம்ப்பா. சாகக் கெடந்தாக்கூட வான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டா, அம்புட்டுத் திமிருன்னு. இனிமே அந்த ஆஸ்பத்திரிப் படிய மிதிக்க மாட்டேன்னுட்டாகளாம்."

"அம்மாவுக்கு இடது பக்கம் தெரியாதும்மா. அவர் இடது பக்கம் நின்னார்."

"அத எங்கிட்ட ஏம்ப்பா சொல்றீக? அவுககிட்டச் சொல்லுங்க. அம்மாவுக்குக் கூடப் பொறந்தவுக வேற யாரு இருக்கா?"

சரி என்றேன்.

பழைய கதையை இங்கே எழுதிவிட வேண்டும். 2016-இல் தேவயானி கல்யாணம். பொன்னுராஜ் மச்சான் தாய்மாமன். ஆண்டிபட்டி மண்டப வாசலுக்கு இருபத்தொரு சீர்த்தட்டோடு மேளம் அடித்து வந்து நின்றார். யாரும் வாசலுக்குப் போய் வாங்க என்று கேட்கவில்லை. இருபது நிமிடம் நின்றிருக்கிறார். பிறகு தட்டுகளை வாட்ச்மேன் நாற்காலியில் அடுக்கிவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தாய்மாமன் போட வேண்டிய மாலையை ஒரு தூரத்துச் சொந்தம் போட்டது. தாலி கட்டும் முன்னால் போன அண்ணன் எனக்கு வேண்டாம் என்றாள் அய்யம்மாள். இரண்டு பக்கமும் அதோடு பேச்சு நின்றது.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது என்னவென்றால், அவர் வேனிலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன். புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்பதுதான் முறை என்று அவளைத் தேடி உள்ளே ஓடினேன். அவள் மாடியில் ஒரு பீரோச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்துக் கூட்டி வருவதற்குள் இருபது நிமிடம்.

ஒன்பது வருடமாக அவருக்கு இதை நான் சொல்லவில்லை. அய்யம்மாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இரண்டாவது அடைப்பு வரலாம், முதல் சில மாதங்கள் கவனம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படி ஒன்று வந்தால் அண்ணனும் தங்கையும் இப்படியே முடிந்துபோவார்கள். அதுவும் என்னால்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாவது குறிப்பு. தண்ணீர், டீ, மோர் எதையும் அப்படியே கொடுக்கக் கூடாது. தொண்டையில் இறங்காமல் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு பொடி போட்டுக் கூழ் பதத்துக்குக் கொண்டுவந்து, நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனில். திராட்சை கூடவே கூடாது. மூன்றாவது குறிப்பையும் தொடங்கினேன்: விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் பார்க்க வருகிற எல்லோரும் திராட்சைதான் கொண்டு வருகிறார்கள். ஆறு கிலோ சேர்ந்துவிட்டது. நர்சுகளுக்குக் கொடுத்தேன். அவர்களுக்கு எல்லாக் கட்டிலிலிருந்தும் திராட்சை வருகிறதாம். வாங்கிக்கொள்ள யோசித்தார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூன்றாவது குறிப்பில் ஒன்று கூடியது. அவளைத் தூக்கி உட்காரவைக்க இடது கையைப் பிடித்து இழுத்தேன். பிசியோதெரபிஸ்ட் பாண்டீஸ்வரி ஓடி வந்தது.

"அய்யா! அந்தக் கைய இழுக்காதீகன்னு எத்தன தரம் சொல்றது? தோள்மூட்டு எறங்கிப்போகும்."

"தெரியாமல்..."

"நேத்து நீங்களேதான நோட்டுல எழுதுனீக?"

எழுதியிருந்தேன். பக்கம் நான்கு.

இன்னொன்றும் சொன்னது. அவளால் முடிகிற வேலையை நான் செய்யக் கூடாது. அவள் வலது கையால் சட்டென்று செய்துவிடுவதைக்கூட நான் முந்திக்கொண்டு செய்கிறேனாம். "ஒங்க பாசம் அவுகளப் படுக்கையிலயே வச்சுரும்யா." அடுத்த கட்டிலில் முதுகுத்தண்டில் அடிபட்டுக் கிடக்கும் கர்ணனின் மனைவி மூக்கம்மாள் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எங்க வீட்டுக்காரரு சீக்கிரம் எந்திரிச்சுருவாரு" என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சசிதரன் அய்யம்மாளிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்டாள். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று ஆறுவரை வலது பக்கமாக எழுதினாள். பேனாவை வைத்துவிட்டாள்.

"முடிஞ்சதா அம்மா?"

"முடிஞ்சுச்சே. வேற என்ன?"

வட்டத்தின் இடது பாதி வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு என்னவோ போல் இருந்தது. வாசல் கோலத்தைக் கோணாமல் போடுகிறவள்.

இனிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இடது பக்கமே வந்து நிற்க வேண்டும் என்றார் சசிதரன். அந்தப் பக்கம் ஆள் இருந்தால்தான் மூளை அங்கே தேடப் பழகும். கட்டிலின் இடது கம்பியில் சிவப்பு ரிப்பன் கட்டினார். அது தெரியும்வரை அவள் தலையைத் திருப்ப வேண்டும்.

நான் கேட்டேன்: "இடது பக்கம் யாராவது பேசினால் சத்தமும் கேட்காதா?"

"சிலருக்கு அதுவும் விட்டுப்போகும் சார். சிலருக்குக் கேட்கும்."

முதல் வாக்கியத்தைக் குறித்துக்கொண்டேன். கடிகாரத் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மச்சானிடம் சொல்ல வேண்டியதை ஏழு பகுதிகளாக எழுதினேன். படித்துப் பார்த்தேன். கோர்ட்டில் கொடுக்கிற மனு மாதிரி இருந்தது. கிழித்தேன்.

நாளை போகலாம். நாளை சுதந்திர தினம், பஸ் குறைவாக இருக்கும். நாளை மறுநாள் போகலாம்.

ஆகஸ்ட் 16, சனி

போனேன்.

அய்யம்மாளை மூக்கம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுக் காலை பஸ்ஸில் வருசநாடு. கடமலைக்குண்டு தாண்டும்போது திரும்பிவிடலாமா என்று தோன்றியது. எதிரே தேனி பஸ்ஸும் வந்தது. அதற்கு இறங்கி ரோட்டைக் கடக்க வேண்டும், அதற்குள் போய்விடும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் தோட்டத்தில் மோட்டார் ரூம் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க மாப்ள."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. "எங்க வீட்டுப் பக்கம் வந்தவுகள வாங்கன்னு கேக்குறது பழக்கம். ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். கடிகாரத் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

"இது என்னது?"

"கடிகாரம். உங்க தங்கச்சி வரைஞ்சது."

"பாதிதான இருக்கு."

"அவளுக்கு மீதி இல்ல மச்சான். இடது பக்கம் எதுவுமே இல்ல. தட்டுல பாதி இல்ல, தலைமுடியில பாதி சீவ மாட்டா. நீங்க அன்னைக்கு நின்னது இடது பக்கம்."

நெடுநேரம் தாளைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அப்ப ராத்திரி எட்டு மணி மாத்திரைய எப்புடிக் குடுப்பீக?"

"அது... நான் பார்த்துக் கொடுக்கிறேன்."

"நான் பேசுனது காதுல விழுகணும்ல?"

"சிலருக்கு அதுவும் விழாதாம். தெரபிஸ்ட் சொன்னார்."

"நெசமாவா?"

"எழுதியே வச்சிருக்கேன்" என்று இந்த நோட்டைக் காட்டினேன்.

அதோடு எழுந்திருக்கலாம். வந்த வேலை முடிந்தது. ஆனால் எழவில்லை. எனக்கே தெரியாமல் வாய் பேசியது. "மச்சான், அன்னைக்கு மண்டபத்துல நீங்க வேன்ல இருந்து எறங்குனத நான் பாத்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"என்னையப் பாத்துட்டு உள்ள ஓடுனீக. நானும் பாத்தேன். அண்ணன் வந்துருக்காருன்னு சொல்லியிருப்பீக, அவதான் வரமாட்டேன்னுருப்பான்னு நெனச்சேன்."

"இல்ல மச்சான். அவ மாடியில இருந்தா. அவளுக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு பேரும் சேந்து வந்து கேக்கணும்னு நான் தேடிப் போனேன். அதுக்குள்ள..."

"ஏன், நீங்க ஒத்த ஆளு வாங்கன்னா நான் உள்ள வர மாட்டேன்னா சொன்னேன்?"

"முறைன்னு..."

அவர் என்னையே பார்த்தார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். அடிக்கவில்லை.

"முப்பது வருசம் வெதைய எண்ணிக்கிட்டு இருந்த மனுசனுக்குப் பொண்ணக் குடுத்தாரு பாருங்க எங்கப்பன். அவரச் சொல்லணும்."

உண்மை அதுதான். முப்பத்தொரு வருடம்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். மொச்சைக் குழம்பு. ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தாளை அவரே வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வரவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை பத்தேகாலுக்கு வந்தார். வாசலில் நின்று சசிதரனிடம், "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடது பக்கம். அவங்க கையைப் பிடிச்சுக் கூப்பிடுங்க. திரும்பலைன்னா வலது பக்கம் வந்துடாதீங்க. காத்திருங்க."

ஸ்டூலில் உட்கார்ந்து அவளுடைய உணர்வில்லாத இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அய்யம்மா" என்றார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். காற்றில் கதவு அடித்துக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டார். சசிதரன், "ரிப்பன் எங்கே அம்மா? ரிப்பனைத் தேடுங்க" என்றார். தலை கொஞ்சம் திரும்பியது. நடுவில் நின்றது. மறுபடி ஜன்னலுக்குப் போனது.

இப்படி நான்கு தடவை. பதினோரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது தடவை ரிப்பனையும் தாண்டித் திரும்பினாள். அவர் முகத்தில் கண் நின்றது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தது.

"வாங்கண்ணே. சாப்புட்டீகளா?"

"ஆச்சும்மா" என்றார் அவர். இன்னும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்திருந்தார். பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். அங்கே சுவரில் இருக்கும் தீயணைப்புக் கருவியை உபயோகிக்கும் முறை முழுவதையும் படித்தார். தமிழில் ஒரு தடவை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்களுக்குச் சொந்தமே இல்லாத மூக்கம்மாள்தான் அழுதாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மச்சான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறார். வார்டில் என்னைவிட அவருக்கு மரியாதை அதிகம். யாரையும் ஜன்னல் பக்கம் நிற்க விடுவதில்லை. நேற்றுத் திருப்பூர்ச் சம்பந்தி வந்தார். பாவம், தெரியாமல் வலது பக்கம் நின்றுவிட்டார்.

"அங்கன நிக்காதீக. இங்கன வாங்க. வைத்தியம் கெட்டுப்போகும்."

"இங்க நின்னா என்னங்க?"

"அங்கன நின்னா நீங்க லேசாத் தெரிஞ்சுருவீக. கஷ்டப்பட்டுத் தெரியணும்."

சம்பந்தி சுற்றிக்கொண்டு வந்தார். மூக்கம்மாள், "ஏண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு நான் எந்தப் பக்கம் நிக்கணும்?" என்றாள்.

"அவருக்கு ரெண்டு பக்கமும் தெரியும்மா. நீ எங்கன நின்னாலும் அவரு தப்பிக்க முடியாது."

கர்ணன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது முதல் தடவை.

வருசநாட்டில் எல்லோரிடமும் கடிகாரத் தாளைக் காட்டி, தங்கச்சி மேல் தப்பில்லை, அது மூளை செய்த வேலை என்று மச்சான் சொல்லி வருகிறார் என்று தேவயானி சொன்னாள். நான்காவது குறிப்பு இப்போது ஊரறிந்த உண்மை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஐந்தாவது குறிப்பு. அடுத்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நன்றாகிவிட்டதா என்று கேட்டேன். (கூட்டத்துக்கு வெளியே, டாக்டரைத் தனியாகப் பிடித்து.) வீட்டுக்குப் போவதும் நன்றாவதும் வேறு வேறு என்றார். கால் வரும், கோலூன்றி நடப்பாள். கை எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. இடது பக்கக் கவனம் வந்துகொண்டிருக்கிறது. களைத்தால் மறுபடி விட்டுப்போகும்.

கை வரவே வராமலும் போகலாமா?

போகலாம்.

இதைக் குடும்பத்தாருக்கு முதலிலேயே சொல்ல வேண்டும். ஆனால் முதலில் சொன்னால் நான் கேட்டிருப்பேனா? தெரியவில்லை.

நடைப் பயிற்சிக் கம்பிகளுக்கு நடுவே ஆறு அடி நடந்தாள். பாண்டீஸ்வரி பின்னால். நான் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

தட்டைத் திருப்பாமலே கீரையைக் கண்டுபிடித்தாள். உப்பு இல்லை என்றாள்.

செப்டம்பர் 10, புதன்

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு.

மதியம் மச்சான் பஸ்ஸுக்குப் போன பிறகு அவள் தலை சீவிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் விட்டுப்போயிருந்தது. ரிப்பன் என்றேன். திரும்பி அதையும் சீவினாள். நான் இந்த நோட்டை மகளுக்குக் கொடுக்கலாமென்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குறிப்பாக வாசித்துக் காட்டினேன். நான்காவதை வாசித்ததும் சீப்பு நின்றது.

"யாரு சொன்னா?"

"எதை?"

"நான் கவனிக்கலன்னு."

"சசிதரன் சொன்னாரே. இடது பக்கம்..."

"மொகம் தெரியல. நெசந்தான். கொரலு தெரியாதா எனக்கு? அய்யம்மான்னு கூப்புட்டாக. கேட்டுச்சு."

இதை இரண்டாவது தடவையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதே பதில். சோதனையில் முடிவு மாறவில்லை.

"அப்புறம் ஏன் வான்னு கேக்கல?"

"ஒம்போது வருசமா வராதவுக, வாய் கோணுன பெறகு வந்து நிக்கிறாக. நான் கேக்கணுமாக்கும்?"

"அந்தப் பதினெட்டாம் தேதி மட்டும் கேட்டியே."

சீப்பிலிருந்த முடியை ஒற்றைக் கையால் எடுக்கப் பார்த்தாள். உதவப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன். நேரமாயிற்று. எடுத்துவிட்டாள்.

"மொதத் தரம் ஊரே வந்துச்சு, திராட்சையத் தூக்கிக்கிட்டு. வான்னு கேக்காதவளத் தேடி ரெண்டாந்தரம் யாரு வந்தாக, எங்கண்ணனத் தவிர? நீங்க போயி என்ன சொன்னீகளோ, அது எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

நான்காவது குறிப்பு தவறு. சசிதரன் இரண்டு வாக்கியம் சொன்னார். எனக்கு வேண்டியதை மட்டும் எழுதிக்கொண்டேன். சர்வீஸில் இப்படி ஒரு தடவைகூடச் செய்ததில்லை. அந்தக் குறிப்பை அடிக்கவில்லை. ஓரத்தில் 'தவறு' என்று எழுதித் தேதி போட்டேன்.

நோட்டை மகளுக்குக் கொடுக்கப் போவதில்லை. அவள் தன் மாமாவிடம் சொல்லிவிடுவாள்.